ஏலத்திற்கு முன் ஏரியைப் பரீக்ஷித்தல்

ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் குடியானவர் முதலில் அந்நிலத்தின் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். கிணற்றை எட்டிப் பார்க்கிறார். சென்ற மூன்று வருஷங்களில் அதில் என்ன வெள்ளாமை எடுத்தார்கள் என்று அண்டை நிலத்தாரை விசாரிக்கிறார். அதே குடியானவர் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுக்க முன்வரும்போது, ஒரு நாள் மாலையில் கரைமீது நின்று நாலைந்து மீன்கள் துள்ளுவதைக் கண்டு, அவ்வளவையே ஆதாரமாகக் கொண்டு ஏலத்தில் தொகை கூறிவிடுகிறார். நிலத்தின் குணம் கண்ணுக்குத் தெரிவது. ஏரியின் குணமோ தண்ணீருக்கடியில் மறைந்து கிடப்பது. ஆகையால் நிலத்தைக் காட்டிலும் ஏரியையே அதிகமாகப் பரீக்ஷிக்க வேண்டியிருக்க, நடைமுறையோ இதற்கு நேர்மாறாக இருந்து வருகிறது. மீன் விலை இறங்கியதால் உண்டாகும் நஷ்டத்துக்கு ஒருவரும் பொறுப்பாளியல்லர். இல்லாத மீனுக்கு விலை கூறியதால் உண்டாகும் நஷ்டமோ, சில நாள் உழைப்பினால் முன்னதாகவே தவிர்க்கக் கூடியது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்வெச்சரிக்கைக்கு விசேஷமான அவசியம் உண்டு. 1997ஆம் வருஷம் ஜனவரி மாதம் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் ஒன்றாக இருந்த இப்பிரதேசத்தின் ஏரிகள், சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சரபங்கா ஆகியவற்றாலும், கிழக்கே வசிஷ்ட நதி, சுவேத நதி ஆகியவற்றாலும், கொல்லிமலைச் சரிவுகளின் ஓடைகளாலும் நிரம்புவன. மழைக்காலத்தில் நிரம்பிப் பங்குனி, சித்திரையில் வற்றிப்போகும் ஏரிகளே இவற்றில் மிகுதி. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையைப் போல, 120 அடி உயரம் வரையில் தண்ணீர் தேங்கும் நீர்த்தேக்கத்தில் மீன் வருஷக்கணக்கில் வளரும். சமவெளி ஏரியிலோ மீனுக்குக் கிடைப்பது சில மாதங்களே. மேட்டூரின் உபரி நீரைக் கொண்டு சேலம் ஜில்லாவின் 100 வறண்ட ஏரிகளை நிரப்புவதற்கான திட்டத்துக்கு 2020இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வகையில் ஆற்று நீர் வந்து சேரும் ஏரியும், ஓடை நீரை மாத்திரம் நம்பியிருக்கும் ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒரே குணமுடையவையல்ல. ஆதலால் ஓர் ஏரியின் அனுபவத்தைக் கொண்டு மற்றோர் ஏரிக்கு விலை கூறுவது பொருந்தாது.

அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் பந்தயங்கள் பெரிய அளவில் நடைபெறுகின்றன. 1967ஆம் வருஷம் ஆர்க்கன்ஸா மாகாணத்திலுள்ள பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் நடத்திய பந்தயத்திற்குப் பின் இவ்விளையாட்டு அந்நாடெங்கும் பரவிற்று. இப்பந்தயங்களில் கலந்துகொள்பவர்கள் குறித்த தினத்துக்குச் சில நாள் முன்னதாகவே ஏரிக்குச் சென்று, ஆழம், அடித்தரை, நீர்ப்பாசி, தண்ணீரின் சூடு, தெளிவு ஆகியவற்றைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த வேளையில் மீன் தங்குகிறதென்று குறித்துக்கொள்வது வழக்கம். பந்தயத்தின் வெற்றி அன்றைய தூண்டிலைவிட முன்னைய ஆராய்ச்சியையே அதிகமாகச் சார்ந்தது என்பது அவர்கள் கொள்கை. பாஸ் நம் ஏரிகளுக்கு உரிய மீன் அன்று. எனினும் பாசிக்கும் கட்டைக்கும் இடையில் பதுங்கியிருந்து இரையைப் பாய்ந்து பிடிக்கும் அதன் சுபாவம் நம் விராலின் சுபாவத்தை ஒத்தது. நம் நாட்டில் ஏலமே ஒரு பந்தயம். பரிசுக்கு மாறாகக் கைப்பணம் அதில் வைக்கப்படுவதால், முன்னாராய்ச்சியின் அவசியம் இங்கே இன்னும் அதிகமாகும்.

ஆராய்ச்சியைத் தொடங்கும் காலம்

ஏலத் தேதிக்குப் பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் இவ்வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு தரம் பார்த்தது போதாது. நடுப்பகலில் ஒரு முறை ஏரியைச் சுற்றி வருதலும், வெவ்வேறு நாட்களில் இரண்டு விடியற்காலைகளில் கரையில் இருத்தலும், தண்ணீர் இறங்கும் அளவைப் பதினைந்து நாளும் குறித்து வருதலும் அவசியம். ஏரிக்குள் பரிசல் விடவோ, சோதனையாக வலை வீசவோ உத்தேசிப்பவர், ஏலம் விடும் அதிகாரியின் அனுமதியையும், நடப்புக் குத்தகைதாரர் இருப்பின் அவர் சம்மதத்தையும் பெற்ற பின்பே அவ்வாறு செய்ய வேண்டும். நடப்புக் குத்தகை முடியும் வரையில் மீன் பிறருடைய சொத்து என்பதை மறக்கலாகாது.

விசாரித்து அறிய வேண்டியவை

முதற்கேள்வி, சென்ற கோடையில் ஏரி முற்றிலும் வற்றியதா என்பது. வற்றியிருந்தால் பழைய மீன் பெரும்பாலும் ஒழிந்து, இவ்வருஷம் விட்ட குஞ்சும் வெள்ளத்தில் வந்த மீனுமே உள்ளனவென்று கொள்ளலாம். வற்றாமல் மதகடியிலோ குழிகளிலோ தண்ணீர் நின்றிருந்தால், பழைய விராலும் வாளையும் தப்பியிருந்து, புதிதாக விட்ட குஞ்சுகளைத் தின்றிருக்கும்.

இரண்டாவது, மீன்குஞ்சு எப்போது, எவ்வளவு, எந்த அளவில் விடப்பட்டது என்பது. இங்கே ஒரு முக்கியமான உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுவன. தேங்கிய ஏரி நீரில் அவை தாமாகப் பெருகுவதில்லை. 1957இல் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி ஊசி மருந்தின் மூலம் இம்மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்ட பிறகே பண்ணைகளில் இவற்றின் குஞ்சு தாராளமாக உற்பத்தியாகலாயிற்று. மேட்டூர் அணையிலும் அரசாங்கத்தின் மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. ஆகவே ஓர் ஏரியிலுள்ள பெருங்கெண்டைகளின் எண்ணிக்கை, விட்ட குஞ்சின் எண்ணிக்கைக்கும் வெள்ளத்தோடு வந்தவற்றுக்கும் மேற்பட முடியாது. "ஏரியில் மீன் தானே பெருகியிருக்கும்" என்னும் பேச்சு ஜிலேபி மீனுக்குப் பொருந்துமேயன்றி, விலையுள்ள கெண்டைகளுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, விட்ட குஞ்சின் நீளம். ஒன்றரை அங்குலக் குஞ்சுக்கும் நாலு அங்குலக் குஞ்சுக்கும் பிழைக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விராலுள்ள ஏரியில் சிறு குஞ்சை விடுவது, கோழிக்குஞ்சைப் பருந்துக்கு முன் விடுவது போலாகும்.

ஏரியைச் சுற்றி வருதல்

நடுப்பகலில், வெயில் தண்ணீருக்குள் இறங்கும் வேளையில், கரையோடு நின்றுவிடாமல் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். வரத்துக்கால் எங்கே நுழைகிறது, மதகு எத்தனை, கோடி எங்கே, கோடியில் தட்டியோ கம்பி வலையோ கட்டப்பட்டிருந்ததா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் கோடி போன ஏரியில் தட்டி கட்டாமல் இருந்திருந்தால், விட்ட மீனில் ஒரு பகுதி கீழேரிக்குப் போயிருக்கும்.

தரை வறண்ட பகுதிகளில் முன்பு நட்ட கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் தென்பட்டால், தண்ணீருக்குள்ளும் அவை உண்டென்று கொள்ள வேண்டும். கட்டையுள்ள இடத்தில் இழுவலை கிழியும். மீனும் அங்கேயே அடைக்கலம் புகும். வண்டல் எடுத்த குழிகளும் அவ்வாறே. தண்ணீர் குறையும்போது மீன் இக்குழிகளில் ஒதுங்குவதால், இவற்றின் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டவருக்கு அறுவடை காலத்தில் அனுகூலம் உண்டு. அறியாமல் இறங்கும் ஆட்களுக்கோ அவை உயிருக்கே அபாயமானவை.

வரத்துக்காலை மேல்நோக்கி ஒரு மைல் தூரமாவது நடந்து பார்ப்பது இப்பிரதேசத்தில் மிகவும் முக்கியம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் சேகோ ஆலைகள் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மிகுதி. சுத்தி செய்யப்படாத ஆலைக் கழிவு நீர் புளிப்புடையது. அதிலுள்ள மாவுப் பொருள் அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். சாயப்பட்டறைக் கழிவோ உப்பையும் நிறத்தையும் சேர்க்கும். ஏரி இன்று நல்ல நிலையில் தோன்றினாலும், கிழங்கு அரைக்கும் பருவத்தில் இத்தகைய கழிவு வரத்துக்காலில் கலப்பது வழக்கமாயின், ஒரே இரவில் மீனெல்லாம் செத்து மிதக்கக்கூடும். துர்நாற்றம், கால்வாயின் கற்களில் படிந்த சாம்பல் நிறப் பிசுக்கு, வாய்க்காலோரத் தென்னைகளின் வாட்டம் ஆகியவை கவனிக்கத்தக்க அடையாளங்கள். நீல லிட்மஸ் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்தால் சிவப்பாக மாறுவது புளிப்பைக் காட்டும்.

ஆழம் அளத்தல்

இருபது அடி நீளமுள்ள கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டால் போதும். பரிசலில் சென்று, கரையிலிருந்து எதிர்க்கரை வரையில் நேர்கோடாகவும், பின் குறுக்காகவும், சம தூரத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆழத்தைப் பார்த்து, கிராமப் புலப்படத்தின் நகலொன்றில் அவ்வவ்விடத்தில் குறிக்க வேண்டும். கல் மேலே வரும்போது அதில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பார்க்க வேண்டும். கறுத்த, மிருதுவான, நாற்றமில்லாத சேறு நல்லது. மீனுக்கு இரையாகும் புழுக்கள் அதில் உண்டு. அழுகிய முட்டையைப் போன்ற நாற்றமுள்ள சேறாயின், அடித்தரையில் பிராணவாயு இல்லையென்பதும், கோடைமழையில் அடிநீர் கலங்கினால் மீனுக்கு ஆபத்து என்பதும் தெளிவு. வெறும் மணலும் கப்பியுமாயின் இரை குறைவு.

கிராம ஆவணங்களில் கண்ட ஏரியின் விஸ்தீரணம் முழுமையும் தண்ணீர் நிற்கும் விஸ்தீரணம் அன்று. ஆவணத்தில் 30 ஏக்கர் என்றிருந்தாலும், ஏலத்தன்று 20 ஏக்கரில்தான் தண்ணீர் இருக்கலாம். வண்டல் மேடிட்ட பக்கங்களில் முழங்காலளவு தண்ணீரே நிற்கலாம். மீனின் வாசம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றிக் காகிதத்தில் கண்ட ஏக்கரைப் பொறுத்ததன்று.

நிறமும் தெளிவும்

1865ஆம் வருஷம் இத்தாலிய வான சாஸ்திரியான ஏஞ்சலோ செக்கி என்பவர், வெண்மையான வட்டத் தகடு ஒன்றைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். இம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. குடியானவருக்கு வெள்ளை எனாமல் தட்டு ஒன்றே போதும். நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டி, அடியில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, நிழலான பக்கத்தில் மெதுவாக இறக்கித் தட்டு மறையும் ஆழத்தை அளக்க வேண்டும்.

தண்ணீர் இளம்பச்சை நிறமாயிருந்து, தட்டு ஒரு ஜாண் முதல் ஒன்றரை ஜாண் ஆழத்தில் மறையுமாயின் அது மீனுக்கு உகந்த நீர். அப்பச்சை நுண்ணிய பாசியின் நிறம். கட்லா போன்ற மீன்களின் இரைக்கு அதுவே மூலம். அரை ஜாணுக்குள்ளேயே கரும்பச்சையில் தட்டு மறைந்தால், பாசி அளவுக்கு மிஞ்சியுள்ளது. பகலில் நன்மை செய்யும் அப்பாசியே இரவில் பிராணவாயுவைச் செலவழித்துத் தீமை செய்யும். மூன்று ஜாணுக்கு மேலும் தட்டு தெரிந்தால் தண்ணீரில் சத்து இல்லை. செம்மண் கரைந்து சிவந்த நீராயின், அதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஓரிரவு வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் தெளிந்துவிட்டால் அது மழையின் கலக்கமே. சில நாட்களில் ஏரியும் தெளியும். தெளியாமல் அப்படியே நின்றால், அந்நீரில் வெயில் இறங்காது, பாசி வளராது, மீனின் வளர்ச்சியும் குறைவாகவே இருக்கும்.

விடியற்காலைப் பார்வை

பரீக்ஷைகளுள் மிக முக்கியமானதும், பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதுவே. தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு பகலில் வெயிலின் உதவியால் பாசியினின்று உண்டாகி, மாலையில் உச்சத்தை அடைகிறது. இரவெல்லாம் செலவாகி, சூரியோதயத்துக்குச் சற்று முன் மிகவும் குறைகிறது. அன்றியும் தண்ணீர் சூடாக ஆக, அதில் தங்கக்கூடிய பிராணவாயுவின் அளவும் குறையும். 20 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையக்கூடுமாயின், 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராமே கரையும். மாலையில் கரையில் நின்று ஏரியின் ஆரோக்கியத்தைத் தீர்மானிப்பவர், நோயாளியை அவன் நன்றாயிருக்கும் வேளையில் மாத்திரம் பார்த்த வைத்தியருக்கு ஒப்பாவர்.

விடிவதற்கு அரை மணி முன்னதாகச் சப்தமின்றிக் கரையில் அமர்ந்து பார்க்க வேண்டும். கெண்டை மீன்கள் கூட்டமாக நீர்மட்டத்தில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், பிராணவாயு போதவில்லை. வெயில் ஏறியதும் அவை கீழே இறங்கிவிட்டால் நிலைமை சற்றுக் கெட்டிருக்கிறது. நன்றாக வெயில் வந்த பின்னும் இறங்காவிட்டால் மிகவும் கெட்டிருக்கிறது. இத்தகைய ஏரியில் இரண்டு மூன்று நாள் மேகமூட்டம் வந்தாலும் மீன் சாகக்கூடும்.

இங்கே ஒரு பேதத்தை அறிந்துகொள்ள வேண்டும். விரால், குரவை, தேளி ஆகியவை ஆகாயத்திலிருந்தும் சுவாசிக்கும் மீன்கள். அவை தனித்தனியே மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிச் சட்டென்று இறங்கிவிடும். இது அவற்றின் சுபாவமேயன்றி நோயன்று. இதைக் கண்டு ஏரி கெட்டதென்று பயப்படவும் வேண்டாம். கெண்டைகள் வாய் பிளந்து நிற்பதைக் கண்டு, "மீன் நிறைய விளையாடுகிறது" என்று மகிழவும் வேண்டாம். பின்னைய தவறு ஏலத்தில் அதிகத் தொகை கூறச் செய்யும் தவறாகும்.

மீன் இனங்களை அறிதல்

கரையோரப் பாசியருகே செந்நிறமான சிறு குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நகர்வதும், அவற்றின் அருகே தாய்மீன் காவல் இருப்பதும் காணப்படுமாயின் அங்கே விரால் பெருகியிருக்கிறது. விராலுக்கு நல்ல விலை உண்டு என்பது மெய்யே. ஆயினும் விரால் மிகுந்த இடத்தில் கெண்டைக்குஞ்சு தேறியிருப்பது அரிது. ஏரியின் ஓரத்தில், ஆழமற்ற இடங்களில், தட்டையான வட்டக் குழிகள் வரிசையாகத் தென்பட்டால் அவை ஜிலேபி மீனின் கூடுகள். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், சிறு வயதிலேயே முட்டையிட்டு ஏரியை நிரப்பிவிடும். நெருக்கத்தால் உடல் வளராமல் கையகலத்துக்குள் நின்றுவிடுவது அதன் குறை. நீர்க்காகங்கள் கூட்டமாக முழுகி எழுந்தால் சிறு மீன் மிகுதி. அவற்றால் உண்டாகும் சேதமும் மிகுதி.

அனுமதி பெற்று வீச்சுவலை வீசுபவர், மீன் துள்ளும் இடத்தில் மாத்திரம் வீசினால் தம்மையே ஏமாற்றிக்கொள்வார். மதகடி, நடு ஏரி, பாசியோரம், வரத்துக்கால் வாய், கரையின் இரு முனைகள் என இடம் மாற்றி இருபத்தைந்து வீச்சுகளாவது வீசி, ஒவ்வொன்றிலும் கிடைத்த மீனின் இனம், எண்ணிக்கை, எடை ஆகியவற்றை எழுத வேண்டும். ஒன்றும் கிடைக்காத வீச்சுகளையும் விடாமல் எழுத வேண்டும். கணக்கில் அவற்றுக்கும் சமமான இடம் உண்டு. அடியில் மேயும் மிர்காலும், கட்டைக்குள் பதுங்கும் விராலும் வீச்சுவலையில் குறைவாகவே சிக்கும். நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால், அதைத் திரும்ப ஏரியில் விடாமல் மீன்வள இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தண்ணீர் நிற்கும் காலம்

ஏரித் தண்ணீரில் முதல் உரிமை ஆயக்கட்டுக்கே. மீன் குத்தகைதாரர் தம் மீனுக்காக மதகை அடைக்கச் சொல்ல முடியாது. இதை ஏலத்துக்குப் பிறகு அறிந்துகொள்வதால்தான் குத்தகைதாரருக்கும் பாசனக்காரருக்கும் மனஸ்தாபங்கள் உண்டாகின்றன. ஆகையால் அங்குலம் குறித்த கம்பு ஒன்றை மதகருகே நட்டு, மதகு மூடிய நாட்களில் எவ்வளவு இறங்குகிறது, திறந்த நாட்களில் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தனித்தனியே குறிக்க வேண்டும். அடுத்து எத்தனை நாளைக்கு மதகு திறந்திருக்கும் என்பதை ஆயக்கட்டுதாரர்களையும் நீர்க்கட்டியையும் கேட்டு அறிய வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

முறை விளங்கும்பொருட்டு ஓர் ஏரியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மதகடியில் ஆழம் 6 அடி. மதகு மூடிய 7 நாளில் மூன்றரை அங்குலமும், திறந்த 7 நாளில் 7 அங்குலமும் இறங்கிற்று. பாசனம் தொடர்ந்து நடக்குமென்றால் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் குறையும். மதகடியில் 3 அடிக்குக் கீழே போனால் வெயிற்சூட்டில் மீன் தாங்காது என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய 36 அங்குலம் 36 நாளைக்கே வரும். ஆகவே ஐந்து வாரத்துக்குள் மீனைப் பிடித்தாக வேண்டும். "இன்னும் மூன்று மாதம் வளர்த்துப் பெரிதாக்கி விற்கலாம்" என்னும் எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

இவ்வேரியில் விட்டவை 10,000 குஞ்சுகள். சோதனை வீச்சில் சிக்கிய கெண்டையின் சராசரி எடை 400 கிராம். கரையில் நின்று கணக்கிடுபவர், 10,000 மீனும் உண்டென்று எண்ணி 4,000 கிலோ என்பார். ஆராய்ந்தவரோ, குஞ்சு சிறியதாயிருந்தது, விரால் மிகுந்திருக்கிறது, கோடியில் தட்டி கட்டவில்லை என்பவற்றை எண்ணிப் பத்தில் இரண்டே தேறியதாகக் கொள்வார். ஆக 2,000 மீன், 800 கிலோ. கட்டைகளால் வலை முழுதும் அரிக்க முடியாதென்று அதிலும் கால்பங்கைத் தள்ளி 600 கிலோ என்பார். ஜிலேபியும் பிறவும் வீச்சுகளின் சராசரிப்படி 300 கிலோ எனச் சேர்ப்பார். நாலாயிரத்துக்கும் தொள்ளாயிரத்துக்கும் உள்ள தூரமே கண்ணால் பார்த்ததற்கும் பரீக்ஷித்ததற்கும் உள்ள தூரம்.

இனி, சில்லறை விலையை விட்டு, கரையில் வியாபாரி கொடுக்கும் விலையைக் கொண்டு வருமானத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து வலைக்காரர் பங்கு, ஆள் கூலி, இரவுக் காவல், ஐஸ், வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதில் தம் உழைப்புக்கும் எதிர்பாராத சேதத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கிய பின் நிற்கும் தொகையே ஏலத்தில் கூறத்தக்க உச்சத் தொகை. அதை முதல் நாளே ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்வது நலம். ஏலக் களத்தில் போட்டியின் வேகத்தில் எழும் தொகைக்கும் ஏரியிலுள்ள மீனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சீட்டிலுள்ள தொகையைப் பிறர் தாண்டினால் அமைதியாக எழுந்து வருவதே லாபம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

ஏலம் விடுபவர்களுக்கும் இவ்வாராய்ச்சி அனுகூலமானதே. அதிகத் தொகை கூறி நஷ்டப்பட்டவர் பாக்கியைச் செலுத்தாமல் இழுத்தடிப்பதும், நஷ்டத்தை ஈடுகட்டத் தகாத வழிகளில் இறங்குவதும் உண்டு. வெடி வைத்தும் விஷமிட்டும் மீன் பிடிப்பது 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்தாலேயே குற்றமாக்கப்பட்டது. இத்தகைய நீரைக் கால்நடைகளும் குடிக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விராலை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடுவதும் சொந்தக் குட்டைகளில் மீன்வள உத்தியோகஸ்தரின் யோசனைப்படி செய்யத்தக்கதேயன்றி, பொது ஏரியில் குத்தகைதாரர் தம் இஷ்டப்படி செய்யத்தக்கதன்று.

ஆதலால் ஏல அறிவிப்பிலேயே, ஆவணப்படியுள்ள விஸ்தீரணத்தோடு அப்போதைய நீர்ப்பரப்பு, மதகடி ஆழம், குஞ்சு விட்ட தேதியும் எண்ணிக்கையும், சென்ற கோடையில் வற்றிய விவரம், பாசனத்துக்கு மதகு திறக்கும் காலம் ஆகியவற்றையும் குறிப்பது நலம். ஏலத்துக்கு முன் ஏரியைப் பார்வையிட அனைவருக்கும் ஒரே நாளை நியமித்து, எல்லோர் முன்னிலையிலும் சோதனை வலை வீசச் செய்தால், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்னும் குறை இராது. உண்மை விவரத்தின்மேல் நிற்கும் தொகை சற்றுக் குறைந்து காணப்பட்டாலும், வசூலாகும் தொகை அதுவே.

சுருக்கம்

1. ஏலத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே ஆராய்ச்சியைத் தொடங்குக.
2. சென்ற கோடையில் ஏரி வற்றியதா, குஞ்சு எவ்வளவு, எந்த நீளத்தில் விடப்பட்டது என்பவற்றை விசாரிக்க.
3. வரத்துக்காலை மேல்நோக்கி நடந்து, கழிவு நீர் கலக்கிறதா என்று பார்க்க.
4. பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆழமும் அடித்தரையும் அளந்து, கட்டைகளையும் குழிகளையும் புலப்படத்தில் குறிக்க.
5. வெள்ளைத் தட்டினால் நீரின் தெளிவை அளக்க.
6. இரண்டு நாள் விடியற்காலையில் மீன் நீர்மட்டத்தில் நிற்கும் விதத்தைக் கவனிக்க.
7. அனுமதி பெற்று, இடம் மாற்றி வலை வீசி, வெறும் வீச்சுகளையும் கணக்கில் சேர்க்க.
8. கம்பு நட்டு, தண்ணீர் இறங்கும் அளவைக் குறித்து, மீன் பிடிக்க வேண்டிய கடைசி நாளைக் கணக்கிடுக.
9. உச்சத் தொகையை முன்னதாக எழுதி வைத்து, அதைத் தாண்டாதிருக்க.

இக்குறிப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வருஷந்தோறும் எழுதி வருபவருக்கு, மூன்றாவது வருஷத்தில் அவ்வேரியைப் பற்றி வேறொருவரையும் விசாரிக்க வேண்டிய அவசியம் இராது. சந்தேகமுள்ள விஷயங்களில் ஜில்லா மீன்வள அலுவலகத்தையோ, நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி யோசனை பெறலாம்.